எர்த் குழிக்கு ஒரு குடம்

புது ஸ்பீக்கர் இரைந்ததும் என் மகன் மாடியிலிருந்தே கத்தினான்: "யம்மா, எர்த் குழியில ஒரு வாளி தண்ணி ஊத்து!"

எங்கள் அய்யாவே எழுந்து வந்து கத்தியது போலிருந்தது.

அறுபதுகளில் நாரணாபுரத்தில் எங்கள் தெருவுக்கே ஒரு ரேடியோதான். பாட்டைவிட அதில் சரவெடிதான் அதிகம் வெடிக்கும். இரைச்சலை மண்ணுக்குள் இறக்கிவிடும் என்று அதன் எர்த் கம்பியை அய்யா முற்றத்தில் புதைத்திருந்தார். தன்னை மிஞ்சிய மெக்கானிக் விருதுநகரிலேயே இல்லை என்ற நினைப்பு அவருக்கு.

"எர்த் காஞ்சு போச்சு புள்ளே, ஒரு குடம் ஊத்து" என்பார் அம்மாவிடம்.

கண்மாய் வறண்ட கோடை. அம்மா ஊற்றில் சிரட்டையால் கோரி, அரை மைல் சுமந்து வந்த தண்ணீரை மண் குடித்தது. இரைச்சல் நிற்கவில்லை. அய்யா துரை மாதிரி பழைய டேபிள் பேன் காற்றில் காலை நீட்டிக்கொண்டு, இரைச்சலுக்குக் காரணமென்று பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ்காரர்களைத் திட்டுவார்.

ஒருநாள் குடத்தைக் கவிழ்த்த கையோடு அம்மா அந்தப் பேனை நிறுத்தினாள். இரைச்சல் நின்று பாட்டு தெளிவாகக் கேட்டது.

"இம்புட்டு நாளா மண்ணுக்கா தண்ணி சொமந்தேன்?"

"இன்னைக்குத்தேன் எர்த் நல்லா நனஞ்சிருக்கு" என்ற அய்யா பேனைப் போட்டார். ரேடியோ மறுபடி பொரிந்தது.

"இன்னொரு குடம் ஊத்து" என்றார், வெட்கமே இல்லாமல்.

இன்று நான் வாளியைத் தொடாமலே மாடியேறிப் போனேன். ஸ்பீக்கரை ஒட்டிச் செருகியிருந்த மலிவு சார்ஜரைப் பிடுங்கினேன். இரைச்சல் அடங்கியது.

"பாத்தியாம்மா, தண்ணி ஊத்துனதும் நின்னுருச்சு" என்றான் மகன், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

வாளி கீழே காலியாகக் கிடந்தது.