முசே பிராணிக்குக் கால் போன கோடை

என் வீட்டுக்காரர் தன் ஆயுசில் முழுசாகச் செய்த ஒரே காரியம் பெருமை பீற்றிக்கொண்டதுதான். புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பியூன் வேலை. அறிவியல் வாத்தியாரின் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி வைப்பார். சாயங்காலம் வில்லியனூரில் எங்கள் தெருவுக்குள் சைக்கிளில் நுழையும்போது மட்டும் அந்த வாத்தியாரே இவர்தான் என்று நினைப்பு.

வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. வாத்தியாரை எல்லோரும் முசே என்பார்கள். அவர் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, தான் வளர்த்த பிராணி ஒன்றை இவரிடம் ஒப்படைத்தார். திரும்பி வந்து சாமான்களைக் கட்டும்வரை அதை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் இவரையும் பிரான்சுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னாராம். சொன்னாரா, இவரே சேர்த்துக்கொண்டாரா, தெரியாது. நான் நம்பினேன். நம்புவதில் எனக்கு அவ்வளவு ஆசை. இவர் கடல் தாண்டிப் போய்விட்டால் வீடு எப்படி இருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு குளிர்ந்தது. அந்தப் பிராணி பிழைத்துக் கிடக்க வேண்டும் என்று அவரைவிட எனக்குத்தான் அக்கறை.

ஆக்சலாட்டல் என்று அதற்குப் பெயர். இவர் வாயில் அது தினம் ஒரு விதமாக வரும். தெருவில் முசே பல்லி என்றார்கள். வெள்ளைவெளேரென்று சாண் நீளம், நான்கு குட்டிக் கால்கள், கழுத்தின் இருபக்கமும் சிவப்புக் குஞ்சம். தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். சூடு ஆகாது. அகலவாய் மண்பானை ஒன்றை ஈரமணல் மேல் வைத்து, நனைத்த சாக்கைச் சுற்றி, அதில் விட்டேன். மண்புழு தோண்டிப் போட்டது நான். தண்ணீர் மாற்றியது நான். அது எதையும் கேட்காது, எதற்கும் குறை சொல்லாது. அந்த வீட்டில் எனக்குப் பிடித்துப்போன ஒரே ஜீவன் அதுதான்.

ஒருநாள் இவர் வாய்க்காலில் ஒரு வயல் நண்டைப் பிடித்துவந்து பானைக்குள் போட்டார்.

"முசேங்களுக்கு நண்டுன்னா உசிருடி. இதுவும் அந்த ஊருதான."

நண்டு அதன் முன்னங்கால் ஒன்றை முட்டியோடு வெட்டிவிட்டது. நண்டை அன்றே ரசம் வைத்தேன். இவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்து, வேட்டிக் கிழிசலோடு கட்டுப்போட வந்தார். பிடுங்கிக் கொட்டினேன். அப்போதுதான் மெல்ல வாயைத் திறந்தார்.

"இதுக்குக் கால் போனா மறுபடி மொளைக்கும், சும்மா வுட்டா போதும்னு முசே கிளாஸ்ல சொல்லுவாரு. பசங்க சிரிக்கட்டும்னு சொல்றது அது."

இத்தனை வருஷம் அந்த வகுப்பில் குடுவை கழுவியவர் சொல்கிறார்.

"பல்லிக்கு வாலு மொளைக்கல? சும்மா வுடுங்க" என்றேன்.

இவராவது சும்மா விடுவதாவது. தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். உடம்புக்கு முடியவில்லை என்றால் விசாரிக்கப் போகாத ஆளை எங்கள் ஊரில் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். அத்தனை பேரும் வந்தார்கள். ஒருத்தர் பன் ரொட்டி வாங்கிவந்தார். வந்தவர் ஒவ்வொருவருக்கும் இவர் அதைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் காட்டினார். மளிகைக்கடைக்காரர் காயத்தை விரலால் அழுத்திப் பார்த்து உச்சுக் கொட்டினார். அவர் மனைவி கற்பூரம் சுற்றினாள். இரக்கம் என்ற பேரில் ஊர் அடிக்கும் கூத்தைப் போல அருவருப்பானது வேறு இல்லை. இரண்டே நாளில் சிவப்புக் குஞ்சம் வெளிறிச் சுருங்கியது. புழுவைப் போட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் நாலு பேர் விசாரித்தால் செத்துவிடும் என்று எனக்குப் பயமாகிவிட்டது.

மறுநாள் காலையில் வாசல் நிலையில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகினேன். எதிர்வீட்டுக்காரி தெருவிலேயே நின்றுவிட்டாள்.

"யாருக்குடி?"

"அவருக்குத்தான். முத்து போட்டிருக்கு."

உள்ளேயிருந்து இவர் பதறிக்கொண்டு வந்தார். "இன்னாடி பண்ணிட்ட? ஆத்தா கண்ண குத்திடுவா."

"ஆத்தா கேட்டா நான் சொல்லிக்கிறேன். நீங்க போய்ப் படுங்க."

அம்மை கண்ட வீட்டுக்குள் ஊரார் வரமாட்டார்கள். அம்மை கண்டவர் வெளியே தலைகாட்ட முடியாது. பொய் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். அதற்குப் பதில் இவர் உயிரையே விடுவார். படுத்துக்கொண்டார். மீன் கூடாது, தாளிப்பு கூடாது, சாராயத்தை நினைக்கவே கூடாது. கூழும் இளநீரும் கொடுத்து வேப்பிலைப் படுக்கையில் கிடத்தினேன். என் கல்யாண வாழ்க்கையில் நான் நிறைவாக இருந்த நாட்கள் அவை.

பானைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. குஞ்சம் மறுபடி சிவந்தது. மூன்றாம் தண்ணீர் ஊற்றி இவரை எழுப்பிவிட்ட சமயத்தில் காயத்தின் நுனியில் மொக்கு மாதிரி ஒன்று தெரிந்தது. முகத்தில் ஒரு தழும்புகூட இல்லையே, ஆத்தா கருணை என்று ஊர் வாயைப் பிளந்தது. அதற்குள் கரிக்கலாம்பாக்கம் பக்கம் டெண்டு கொட்டகை சினிமா வந்துவிட, முசே பல்லியை எல்லோரும் மறந்தார்கள். மொக்கு நீண்டது, விரல் பிரிந்தது. முசே திரும்புவதற்குள் முழுக்கால் வந்துவிட்டது.

அவர் காரில் வந்தார். இவர் இஸ்திரி போட்ட சட்டையும் டிரங்குப் பெட்டியுமாகத் தயாராக நின்றார். துணியை மடித்து, எலுமிச்சை ஊறுகாய் ஒரு ஜாடி வைத்து, பெட்டியை அடுக்கியவள் நான்தான். முசே பானைக்குள் குனிந்து பார்த்துச் சிரித்தார். மஞ்சள் வைத்தியத்தால் காலை வளர்த்த கதையை இவர் அளந்தார். முசே பொறுமையாகக் கேட்டார். பிராணியை ஒரு கண்ணாடிக் குடுவையில் விட்டு மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். தன் பழைய தொப்பியைக் கழற்றி இவர் கையில் கொடுத்தார். கார் போய்விட்டது.

நான் பானையைக் கழுவப் போனேன். அடியில் அதற்குப் போட்ட புழு ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தாலி கட்டிய நாளிலிருந்து அந்த வீட்டில் நான் அப்படி வாய்விட்டு அழுததில்லை. இவர் தொப்பியோடு உள்ளே வந்தார். பக்கத்தில் குந்தி என் தலையைத் தடவினார்.

"அழாதடி. உன்ன வுட்டுட்டு நான் எங்க போவப் போறேன்" என்றார்.