நாய்க்குட்டி வியாபாரியை நான் சிறை வைத்த கதை

இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலால் இன்று எங்கள் பேருந்து தியாகதுருகத்தில் நின்றுவிட்டது. சன்னலோர இருக்கையில் நாய்க்குட்டி வியாபாரி, மடியில் கூடையோடு. பக்கத்தில், மலைக்கோட்டை அளவு உடம்போடு நான்.

"அசல் ஜாதிங்க, ஒன்னு வாங்கிக்கங்க."

"தாய் எங்கய்யா?"

"திருக்கோவிலூர்ல, நம்ம வூட்டுக் கூண்டுலதாங்க. வருசத்துக்கு ரெண்டு தடவ குட்டி போடுது. வூட்டுக்கு ரெண்டு வாசல், வெளியே வுட்டா ஓடிடுமே!"

ஏழு கடல் பொங்கி வந்தாலும் நகராதபடி காலை அகட்டி உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவர் நெளிந்தார். "கொஞ்சம் வழி வுடுங்க, அவசரமா ஒன்னுக்குப் போவணும்."

கோட்டை அசையவில்லை. "வெளியே வுட்டா ஓடிடுவீங்களே!" என்றேன்.

பேருந்தே சிரித்தது. மறியல் முடியும்வரை நான் எழுந்திருக்கவே இல்லை.

ஆனால் அந்தத் தாய் இன்னும் திருக்கோவிலூரில், அவர் வீட்டுக் கூண்டில்தான் கிடக்கிறது. நாளை காலை போலீசோடு போகிறேன். யார் யார் வருகிறீர்கள்? வீட்டுக்கு இரண்டு வாசலாம். என் உடம்பு ஒன்றைத்தான் அடைக்கும்.