கடைக்காரியின் இடுப்புக் கை

எறும்புக்கு வயது முப்பத்தெட்டு. பகலில் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லை மெழுகில் செதுக்குவாள். அந்த வாய்க்குச் சொந்தக்காரரை ஒருநாளும் பார்த்ததில்லை, பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை. சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து, கட்டம் கட்டமாக நிறம் வைத்துப் பிக்சல் படங்கள் வரைவாள். மரம், கிணறு, வாள், வௌவால். தனி ஆளாகக் கேம் செய்கிறவர்களுக்குப் படம் வரைந்து தர யாரும் கிடைப்பதில்லை. அவர்களுக்காக எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாகப் போட்டுவிடுவாள். ‘எதற்கும் எடுத்துக்கொள்ளுங்கள், கேட்க வேண்டாம்’ என்று அடியில் ஒரு வரி. அந்தத் தாராளம் அவள் தலையிலேயே வந்து விடிந்தது.

எறும்பு என்பது அக்கா வைத்த பெயர். சிறுவயதில் எந்நேரமும் தரையில் எதையாவது பொறுக்கிக்கொண்டிருப்பாளாம். படங்களுக்கு அடியிலும் அதே பெயர்தான். அக்கா மருந்துக்கடையில் வேலை செய்தாள். நாள் முழுக்க நின்றே ஆகவேண்டிய வேலை. அவள் வீடு அதே கட்டடத்தில், தங்கை வீட்டுக்கு இரண்டு மாடி மேலே. வேலை முடிந்து போகும் வழியில் தங்கை வீட்டில் ஒரு காபி குடித்து, ஊர் வம்பு பேசிவிட்டுத்தான் மாடி ஏறுவாள்.

கேமில் ஓர் ஆள் சும்மா நின்றாலும் கல்லாட்டம் நிற்கக் கூடாது. மூச்சு விடவேண்டும், கொஞ்சம் அசையவேண்டும். அதற்கு நான்கு படங்கள் போதும். கடைக்காரி ஒருத்தியை வரைய உட்கார்ந்தபோது எறும்புக்கு அக்காதான் கண்ணில் நின்றாள். இடது கை இடுப்பில். பின்னால் லேசாகச் சாய்ந்து, பிறகு நிமிர்வாள். உயரம் பதினாறு கட்டம்தான், வாய்க்கு ஒரே புள்ளி. ஆனாலும் அச்சு அசல் அக்கா. எறும்பு தனியாக உட்கார்ந்து சிரித்தாள். அக்காவிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

வழக்கம்போல அதையும் இணையத்தில் போட்டாள். எடுத்தவர்கள் கண்ணுக்கு அந்த இடுப்புக் கை வம்புக்கு நிற்பதாகவே பட்டது. ஒரு கேமில் அவள் கொடுமைக்கார மாமியார், இன்னொன்றில் சூனியக்காரி. ஒன்றில் அவளைக் கல்லால் அடித்தால் பத்துப் புள்ளி. தன் படம் உலகம் சுற்றுகிறதே என்று எறும்புக்குத் தலைகால் புரியவில்லை.

மருந்துக்கடையில் அக்காவோடு வேலை செய்கிறவர் ஒருநாள் மத்தியானம் போனை நீட்டி, “இது நீங்கதானே?” என்றார். அக்கா பார்த்தாள். இடுப்பில் கை வைத்து நின்றவள் மேல் கல் வந்து விழுந்துகொண்டிருந்தது. கேமின் கடைசியில் ‘படம்: எறும்பு’ என்றும் வந்தது. அன்று அவள் காபிக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை.

எறும்பு படத்தை இணையத்திலிருந்து நீக்கினாள். அதற்குள் நாலாயிரம் பேர் இறக்கிக்கொண்டுவிட்டார்கள். கேம் செய்தவர்கள் ஒவ்வொருவருக்கும் படத்தை மாற்றச் சொல்லி எழுதினாள். ஒரே ஒருவர் பதில் போட்டார், அதுவும் மரியாதையாக: ‘கேட்க வேண்டாம் என்று எழுதியது நீங்கள்தானே?’ ஐந்தாம் நாள் கடைக்காரியின் கையைக் கீழே தொங்கவிட்டுப் புதிதாக வரைந்து, கணினியோடு மாடி ஏறினாள்.

“அக்கா, கையை எடுத்துட்டேன். பாரு.”

அக்கா கதவைப் பிடித்தபடி நின்றாள். “கல்லால அடிக்கறாங்கடி என்னை.”

“அது நான் செய்யலக்கா. எடுத்தவங்க செஞ்சது.”

“அவங்கள விடு. நீ என்ன நெனச்சு வரைஞ்சே? நான் சண்டைக்கு நிக்கறேன்னா?”

எறும்பு ஒரு பொய்யைத் தேடினாள். அகப்படவில்லை. “நீ எப்பவும் அப்படித்தானே நிப்பே.”

“இடுப்பு வலிடி அது. முட்டுக் குடுத்தாத்தான் நிக்க முடியுது.”

எறும்புக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எத்தனை வினாடிக்கு ஒருமுறை சாய்கிறாள், தோள் எத்தனை கட்டம் இறங்குகிறது, எல்லாம் எண்ணி வைத்திருந்தாள். ஏன் சாய்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

“எத்தனை நாளாக்கா?”

“நீ அந்தப் படத்த எப்போ போட்டே?”

“மூணு வருஷமாச்சு.”

“அதுக்கும் முன்னாடியிலேர்ந்து.”