கயிற்றைத் தொடாதவர்

எனக்கும் அவருக்கும் ஒரே வியாதி. ஈரலில் குடியேறிவிட்டுக் காலி பண்ண மறுக்கும் கிருமி. செங் ஊரிலிருந்து நானும், ஜாசின் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து அவரும் ஒரே நாளில் ஆஸ்பத்திரிக்கு வருவோம். அவருக்குக் குச்சி உடம்பு, அதற்குப் பொருந்தாத இடிக் குரல். எஸ்டேட் விளையாட்டுப் போட்டியில் கயிறு இழுப்பவர்களுக்குப் பக்கத்தில் நின்று சத்தம் கொடுப்பவராம். கயிற்றைத் தொட்டதே இல்லையாம்.

நாலு பேர் சேர்ந்து எதையாவது தூக்கினால் அவரால் சும்மா இருக்க முடியாது. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் ஆட்கள் ஓர் அலமாரியை எங்கள் டாக்டரம்மாவின் அறைக் கதவுக்குள் நுழைக்க முடியாமல் தவித்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே "ஏய்... ஹூப்!" என்றார். அலமாரி உள்ளே போய்விட்டது.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அங்கிள், உங்க உடம்புலயும் உங்கள மாதிரி ஒரு ஆள் இருக்கு. ஹெல்பர் டி செல்னு பேரு. கிருமியோ கேன்சரோ, பெரும்பாலும் அது நேரா போய் அடிக்காது. அடிக்கிற செல்லுக்குச் சத்தம் குடுக்கும். உங்களுக்குக் கிருமியோட இழுவை ரொம்ப வருஷமா நடக்குது லா, அது களைச்சுப் போச்சு."

"தொண்டை கட்டுனா நான் சுக்குத் தண்ணி குடிப்பேன். அதுக்கு என்ன குடுப்பீங்க?"

"அதுக்கு இன்னும் மருந்து வரல அங்கிள்."

அடுத்த முறை பார்த்தபோது, வலது விலாவுக்குக் கீழே கை வைத்து "ஹூப்... ஹூப்" என்று முனகிக்கொண்டிருந்தார். வலியோ என்று பதறினேன்.

"வலி இல்ல தம்பி. கத்துறவனுக்குக் கத்த ஒரு ஆள் வேணாமா?"

அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. அந்தச் சத்தத்தால் பலன் உண்டா என்றும் தெரியாது. ஆனால் சோதனைக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் என் கை விலாவுக்குக் கீழே போய்விடுகிறது; வாய் "ஹூப்" என்கிறது. பக்கத்து சீட்காரர் திரும்பிப் பார்த்தால், இருமுவதுபோல் சமாளித்துக்கொள்கிறேன்.