அவள் கேட்ட நிறம்

மில்லர்புரத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் சேல்ஸ்கேர்ளாக வேலை பார்க்கிறேன். யார் ஃபவுண்டேஷன் கேட்டாலும் அவர்கள் நிறத்தைவிட வெளுப்பானதைத்தான் எடுத்து நீட்டுவேன். எல்லோரும் அதைத்தான் விரும்புவார்கள் என்று நானே முடிவுசெய்திருந்தேன்.

போன கோடையில் என் வயதுள்ள ஒரு பெண் வந்தாள். துறைமுகத்துக்குப் போகும் லாரிகளைச் சோதித்து அனுப்பும் செக்யூரிட்டி.

"வேலைக்குப் போட்டுட்டுப் போவணும். ஆனா போட்டதே தெரியக் கூடாது" என்றாள். வழக்கம்போல் வெளுப்பானதையே கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் யூனிஃபார்மோடு வந்து நின்றாள். சண்டை போடப்போகிறாள் என்று பயந்தேன். அவளோ சிரித்தாள்.

"வேர்வையில முகம் சாம்பல் பூசுன மாதிரி ஆயிட்டு. ஒரு டிரைவர் அண்ணாச்சி, உடம்புக்கு முடியலியான்னு கேக்காரு. எனக்கு என் நிறம் பிடிக்கும்ளா. கண்ணுக்குக் கீழ உள்ள கருவளையம் மறைஞ்சாப் போதும்."

தன் நிறத்தைப் பற்றி இத்தனை இயல்பாகப் பேசும் பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை.

கறுத்த நிறத்துக்கான குப்பிகள் அடித்தட்டில் பிரிக்காமலே கிடந்தன. ஒன்றை எடுத்து அவள் கண்ணுக்குக் கீழே லேசாக ஒற்றினேன். பூசிய இடமே தெரியவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவள்போல அத்தனை அழகாக இருந்தாள்.

கண்ணாடியில் என்னையும் பார்த்தவள், "நீ ஏம்ளா கழுத்துக்கு மேல மட்டும் வெளுத்திருக்க?" என்று கேட்டாள். கேலியாக இல்லை, அக்கறையாகத்தான்.

அவள் போனதும் அதே நிறத்தில் இன்னொரு குப்பியை எனக்காக எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை அதைப் பூசிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியபோது, பல வருடங்களுக்குப் பிறகு என் முகம் எனக்குப் பிடித்திருந்தது.