பைப்படியில் அம்மா சொன்ன பெயர்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. மாதவிலக்கு நின்று நான்கு ஆண்டுகள் ஆன பிறகு அம்மாவுக்கு மீண்டும் உதிரப்போக்கு தொடங்கியது. இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை.
2. கொடியில் பழைய வேட்டித் துண்டுகள் வாராவாரம் கூடுவதைப் பார்த்து நான் கேட்டேன். வயதானால் அப்படித்தான் என்றார்.
3. ஈப்போ மருத்துவமனையில் சிறு சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள்.
4. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று முடிவு வந்தது.
5. மூன்று வாரம் கழித்துக் கோலாலம்பூருக்கு வரச் சொன்னார்கள். ஆறு வாரம் தங்கிக் கதிர்ச் சிகிச்சை பெற வேண்டும்.
6. திரும்பி வரும் பேருந்தில், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யார் கேட்டாலும் 'குடல் புண்' என்று சொல்வதாக முடிவெடுத்தேன்.

ஆறாவது மட்டும் என் தவறு.

அம்மா பீடோருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் மரம் சீவக் கத்தி பிடித்தார். அதே தோட்டத்தில் அப்பாவை மணந்து, நான்கு பிள்ளைகளைப் பெற்று, நால்வரையும் படிக்க அனுப்பினார். தோட்டத்தில் வேலை வாங்கும் தண்டல் நடப்பதைப் போல நடந்து காட்டுவார். தண்டலே ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறார். கடைசிப் பிள்ளையான நான் சிலிபினில் அண்ணன் வீட்டில் தங்கி, ஈப்போவில் ஆய்வுக்கூட வேலை பார்த்தேன். வார இறுதியில் தோட்டத்துக்கு வருவேன். முகம் தெரியாத எத்தனையோ பெண்களின் சதைத் துணுக்குகளைக் கண்ணாடித் தகட்டில் வைத்துச் சாயம் ஏற்றியவள் நான். என் அம்மாவின் நோயின் பெயரைச் சொல்ல மட்டும் வெட்கப்பட்டேன்.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் பெண்ணுக்கு நோய் என்றால் மற்ற வீடுகள் முறைபோட்டுச் சாப்பாடு அனுப்பும். என்ன நோயோ அதற்கேற்ற பத்தியத்தையும் அவர்களே தீர்மானிப்பார்கள். குடல் புண்ணுக்குச் சவ்வரிசிக் கஞ்சி, பால், உப்பில்லாத பருப்பு. மிளகாய் கூடவே கூடாது. நெத்திலிச் சம்பல் இல்லாமல் ஒருவேளையும் சாப்பிடாத அம்மா, பதினெட்டு நாள் கஞ்சி குடித்தார். வேண்டாம் என்றால் பொய் வெளியே வந்துவிடும். "நோய் கொல்லுதோ இல்லியோ, இந்தச் சவ்வரிசி என்னைக் கொன்னுடும்லா" என்று என்னிடம் மட்டும் சொல்வார்.

இதுவரை சிரிப்புத்தான். ஆனால் என் பொய் அதோடு நிற்கவில்லை. அடுத்த வீட்டு அஞ்சலைச் சின்னம்மா, தன் தம்பிக்கும் குடல் புண் வந்ததாகவும் தோட்டத்து மருந்தக டிரசர் கொடுத்த மாத்திரையிலேயே ஆறியதாகவும் சொன்னார். இதற்கெல்லாம் கோலாலம்பூர் எதற்கு, அங்கே போய்ப் பிழைத்தவர் யார் என்று லயமே கேட்டது. அவர்கள் மேல் குற்றமில்லை. நான் சொன்ன நோய்க்கு அவர்கள் சொன்னது சரியான யோசனை. ஆனால் அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். புறப்பட மூன்று நாள் இருக்கையில், தைப்பூசம் முடிந்து பார்ப்போம் என்றார். உண்மை தெரிந்த அப்பாவும், தள்ளிப் போடலாமா என்று என்னைப் பார்த்தார். தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெளிவாகத் தெரியும்.

அம்மாவிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நோய் இப்போது எந்த அளவு, இரண்டு மாதம் கழித்து எந்த அளவு ஆகலாம், சிகிச்சை எப்படி நடக்கும், எந்த இடத்தில் வலிக்கும், எந்த இடத்தில் வலிக்காது. அம்மா வாளியை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். ஏழெட்டுப் பெண்கள் தண்ணீருக்கு நின்றார்கள். அஞ்சலைச் சின்னம்மா மறுபடி தொடங்கினார்.

"புண்ணுக்குப் போயி அவ்ளோ தூரம் போவாதீங்கக்கா. சொன்னா கேளுங்க."

அம்மா வாளியைக் குழாயடியில் வைத்தார்.

"புண்ணு வயித்துல இல்ல அஞ்சல. கர்ப்பப்பை வாயில. அதுக்குப் பேரு புத்துநோய். எம்மவ சின்னப் பொண்ணு, சொல்ல வெக்கப்பட்டா. நாலு புள்ள பெத்தவளுக்கு என்ன வெக்கம்?"

வாளி நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை. கடைசியில் சின்னம்மாதான் கேட்டார்: "அப்ப மொளகா சாப்பிடலாமாக்கா?"

"அதத்தான்லா நானும் மூணு வாரமா நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

அன்று மாலையே நான்கு வீட்டுச் சம்பல் வந்து சேர்ந்தது. தைப்பூசத்தைப் பற்றி அம்மா அதற்குப் பிறகு பேசவில்லை.

மறுநாள் காலை பெரட்டில் ஆள் கணக்கெடுப்பு முடிந்ததும் சின்னம்மா வீட்டுப் பின்பக்கமாக வந்து, தனக்கும் கொஞ்ச நாளாக அப்படித்தான் உதிரம் படுகிறது என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். உள்ளே இருந்த அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. தான் பஸ் ஏறுவதற்குள் அஞ்சலையை ஈப்போவுக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்று எனக்கு உத்தரவு போட்டார். காட்டினோம். சின்னம்மாவுக்கும் அதே நோய்தான். ஆனால் தொடக்க நிலை. ஓர் அறுவைச் சிகிச்சையோடு முடிந்தது.

அம்மா குறித்த நாளில் கோலாலம்பூர் போனார். ஆறு வாரத்தில் ஒன்பது கிலோ இளைத்து, வார்டில் இருந்த அனைவருக்கும் தண்டல் நடையைக் காட்டிவிட்டுத் திரும்பினார். அதன் பிறகு எட்டு ஆண்டுகள் எங்களோடு இருந்தார். தோட்டத்தை விட்டு ஈப்போவின் புந்தோங்கில் குடியேறினார். ஐந்து பேரப்பிள்ளைகளைக் கையில் ஏந்தினார். சென்ற ஆண்டு, மாலைக் காப்பி குடித்துவிட்டுச் சாய்ந்தவர், மாரடைப்பில் எங்களைப் பிரிந்தார்.

இந்த முதலாண்டு நினைவு மலரில் நோயின் பெயர் வேண்டாம், 'உடல்நலக் குறைவு' என்று போட்டால் போதும் என்றார் அண்ணன். அம்மா எட்டுப் பேர் முன்னால் சொன்னதை நான் அச்சில் மறைக்க மாட்டேன் என்றேன். அவரும் ஒப்புக்கொண்டார்.

முறைபோட்டுக் கஞ்சி அனுப்பிய லயத்துக் குடும்பங்களுக்கும், கோலாலம்பூரில் அப்பாவுக்குத் தங்க இடம் தந்த உறவினருக்கும், இறுதி நாளில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் நன்றி.

இன்றைய நிலை இது. அப்பா நலம். அஞ்சலைச் சின்னம்மா நலம்; இன்றைய நினைவுநாள் படையலுக்கு அவர்தான் சமைக்கிறார். அன்று பைப்படியில் நின்ற மற்ற பெண்களில் ஐவர் சோதனை செய்துகொண்டார்கள், ஐவருக்கும் ஒன்றுமில்லை. இருவர் இன்னும் வரவில்லை. அவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். அடுத்த சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போகிறேன்.